வலப்பக்கத்துக் கடிகாரம்

"அங்க இப்ப மழை," என்றாள் காணாமல் போனவளின் தாய், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலேயே. "காலையிலேர்ந்து விடவே இல்ல. குடை எடுத்துட்டுப் போனாளோ என்னமோ."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன மழை கம்ப்யூட்டர் திரைக்குள் பெய்தது. திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை, சைடுபார். அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாக நாலு கேட்ஜெட்டுகள். உச்சியில் எண் போட்ட ஒரு சாதாரணக் கடிகாரம், ஆனால் அது காட்டியது இந்த ஊர் நேரம் அல்ல. அதற்குக் கீழே வானிலை: தூரத்துக் கடலோர நகரம் ஒன்றின் பெயரும் ஒரு கறுப்பு மேகமும். அடுத்தது அதே நகரத்தின் கடற்கரைப் படங்கள், ஒன்று மறைய ஒன்று வந்துகொண்டிருந்தது. அடியில் அந்த ஊர்ச் செய்தித் தலைப்புகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

காணாமல் போன பெண்ணைத் தேட இந்த நாலு பெட்டிகளைத் தவிர யாரிடமும் எதுவும் இல்லை. போலீஸுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவளோடு கல்லூரியில் படித்த ஒருவன் அந்தக் கடலோர நகரத்தில் வேலை பார்க்கிறான் என்பதை அவள் கணவனே சொல்லியிருந்தான். ஒரு பெண் தன் கம்ப்யூட்டரில் இன்னொரு ஊரின் நேரத்தையும் மழையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், பிறகு ஒருநாள் வீட்டில் இல்லை. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க இன்ஸ்பெக்டர் எதற்கு, தெருமுனைக் காய்கறிக்காரரே போதும். பஸ் மாறி பஸ் ஏறிப் போகிறவளை யார் பெயர் கேட்டு எழுதி வைக்கிறார்கள்? அந்தக் கல்லூரி நண்பனிடம் போனில் விசாரித்ததற்கு, தனக்கு ஒன்றும் தெரியாது என்றானாம். பின்னே வேறு எப்படிச் சொல்வான் என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

வாலுக்கும் அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. வால் என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியும் வாய் அடங்காததால் பெயரும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன், மேடையில் நின்ற ஒரு மாப்பிள்ளையிடம், "நல்லா சிரிச்சுக்குங்க சார், இன்னிக்கு விட்டா கிடைக்காது," என்று சொல்லப்போய்த் தொழிலை இழந்தான். இப்போது மேடத்துக்கு உதவியாளன்.

மேடம் துப்பறிய வருவதற்கு முன் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பதே வேலை. அந்தப் பழக்கம் போகவில்லை. மனிதர்களையும் வீடுகளையும்கூட அவர் மோதிய வண்டியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்: எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் சிராய்ப்பு. இப்போது அந்தக் கம்ப்யூட்டர் மேஜையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாய் அவர்களை வரவழைத்தது ஒரே ஒரு காரியத்துக்காக. கணவன் இல்லாதவள், ஒரே மகள். மகள் ஓடிப்போய்விட்டாள் என்ற சேதி வந்ததும் தலைகுனிந்தபடி இந்த வீட்டுக்கு வந்தாள். வெட்கத்துக்கு ஈடாக மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அடுப்பு வேலைக்கு நடுவே இந்த அறைக்கு வந்து வந்து மகள் ஊரின் மழையையும் வெயிலையும் பார்த்துவிட்டுப் போவாள். கம்ப்யூட்டரை அணைக்க மாப்பிள்ளையை விடுவதில்லை.

"திட்ட வேணாம்," என்றாள் மேடத்திடம். "கூட்டிட்டு வரவும் வேணாம். எங்க இருக்கா, சாப்பிடுறாளா, நல்லா இருக்காளான்னு தூரத்துலேர்ந்து பார்த்துட்டு வந்து சொன்னாப் போதும். எனக்கு அது போதும்."

கடற்கரை, அதுவும் அடுத்தவர் செலவில். வால் மனதுக்குள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நல்ல உயரம், மழித்த முகம், தழைந்த பேச்சு. மனைவி ஓடிப்போன மனிதனிடம் ஊர் எதிர்பார்க்கும் சோகத்தை அளவாக முகத்தில் வைத்திருந்தார். இரவு சாப்பிட்டதும் அவள் இந்த நாற்காலிக்கு வந்துவிடுவாள், அந்த ஓரத்தையே பார்த்துப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள், தான் ஒரு ஏமாளி, அது வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். அவளுக்கு இந்த கேட்ஜெட் வேலையெல்லாம் அத்துப்படியாம். ஆபீஸில் அத்தனை பேருக்கும் அவள்தான் சைடுபார் செய்து கொடுப்பாளாம்.

மேடம் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். மாப்பிள்ளை முதல்முறையாகச் சிரித்தார்.

"அதையேன் கேக்குறீங்க. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கிறவன் பொண்டாட்டி ஸ்டீயரிங்கைத் தொட மாட்டா. கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். உட்காரவே மாட்டேன்னுட்டா. அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி."

அவர் இதைச் சொல்லும்போது அந்தத் தாய் கரண்டியோடு சமையலறைக்குள் போய்விட்டாள். வால் அதைக் கவனித்தான், ஆனால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மேடம் கிளம்பும்போது மேஜையை இன்னொரு முறை பார்த்தார். மவுஸ் வலது கைப் பக்கம். விளக்கு, தண்ணீர் பாட்டில் வைத்த வட்டக் கறை, பேனா டப்பா எல்லாம் இடது பக்கம். திரையில்கூட, எல்லோருக்கும் அடியில் படுத்திருக்கும் டாஸ்க்பார் இவளுக்கு இடது ஓரத்தில் செங்குத்தாக நின்றது. வலது பக்கத்தில் இருந்தது அந்த சைடுபார் ஒன்றுதான். டிக்கெட் எடுத்துவிடட்டுமா என்று வால் கேட்டதற்கு, முதலில் அவள் ஆபீஸுக்குப் போகலாம் என்று மட்டும் பதில் வந்தது. வாலின் கடல் ஒரு அலை பின்வாங்கியது.

அது லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவு. நீளமான அறை, வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர் இங்கேதான் கத்துவார். கத்துகிறவரைப் பேச்சுக் கொடுத்து அடக்கி, மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். காணாமல் போனவள் இந்த வேலையில் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். இருட்டில் நிற்கிறவரிடம் என்ன பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமாம்.

அவளுக்குப் பக்கத்து சீட்டுக்காரி அழுது ஓய்ந்த முகத்தோடு இருந்தாள். சைடுபார் என்றதும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது எல்லோர் திரையிலும் அந்தப் பட்டை சும்மா கிடந்ததாம். யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இவள்தான் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "முதல்ல உங்களுக்கு என்ன கவலைன்னு சொல்லுங்க," என்று கேட்பாளாம். கவலையைச் சொன்னால் அதற்கேற்ற கேட்ஜெட் வரும்.

மெக்கானிக்குகளை அனுப்பும் மேலாளருக்கு வானிலை, ஏனென்றால் மழை வந்தால் லிஃப்ட் குழிகளில் தண்ணீர் நிற்கும். வெளிநாட்டில் மகன் படிக்கும் சூபர்வைசருக்கு மகன் ஊர்க் கடிகாரம். அவர் தூங்குகிற பையனை எழுப்பித் திட்டுவது அதிலிருந்து நின்றதாம். கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒருதரம் உறைந்துபோகிறது என்று புலம்பியவருக்கு, அதன் உழைப்பைக் காட்டும் முள் மீட்டர். "உங்களைவிட அது அதிகமா வேலை செய்யுது சார், பாருங்க," என்று வேறு சொன்னாளாம். பக்கத்து சீட்டுக்காரிக்குக் குழந்தையின் படங்கள், அதுவும் தூங்கும் படங்கள் மட்டும். சிரிக்கும் படம் போட்டால் வீட்டுக்கு ஓடத் தோன்றுமாம்.

"அஞ்சுக்கு மேல வெக்க விட மாட்டா," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "ஓடுற செய்தி மட்டும் யாருக்கும் போட மாட்டா. எழுத்து ஓடினா கண்ணு அது பின்னாடியே ஓடும், போன்ல இருக்கிற ஆள் அந்தப் பக்கம் மூச்சு முட்டி நிப்பான்னு சொல்வா."

வாலுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. தனக்கு அவள் என்ன கேட்ஜெட் போட்டிருப்பாள் என்று யோசித்தான். "எனக்குன்னா பெட்ரோல் முள்ளும் மேடத்தோட மூடு முள்ளும் போதும்," என்றான். பக்கத்து சீட்டுக்காரி லேசாகச் சிரித்து, உடனே சிரித்ததற்காக வருத்தப்பட்டாள்.

மேடம் காணாமல் போனவளின் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். சைடுபார் இருந்தது, இடது ஓரத்தில். எண்கள் இல்லாத மெல்லிய கடிகாரம், அதற்குக் கீழே பாதி சேர்த்த படப் புதிர், தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தும் மஞ்சள் குறிப்புச் சீட்டு. பார்க்கவே ஒழுங்காக இருந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் வலப்பக்கம் வைத்துக் கொடுத்தவள், தனக்கு மட்டும் செட்டிங்கில் போய் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாளாம். இடது கைப் பழக்கமா என்று கேட்டதற்கு, இல்லை, எழுதுவது சாப்பிடுவது எல்லாம் வலது கைதான் என்று பதில் வந்தது.

அவளுடைய சீட் வரிசையின் கடைசியில், வலது பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. ஜன்னலும் காற்றும் இல்லாத அந்த இடத்தை அவள் மேலாளரோடு சண்டை போட்டு வாங்கினாளாம். சுவரில் ஆபீஸ் ஆண்டுவிழாப் போட்டோக்கள் மாட்டியிருந்தன. வால் தொழில் பழக்கத்தில் அவற்றைப் பார்த்தான், பார்த்துவிட்டு நின்றுவிட்டான்.

"மேடம், இந்தம்மா எல்லா படத்துலயும் ஒரே ஓரத்துல நிக்கிறாங்க. எங்க தொழில்ல ஓரம்னா யாருக்கும் பிடிக்காது, இடிச்சுப் பிடிச்சு நடுவுல வருவாங்க. இவங்க கேட்டு வாங்கி நின்ன மாதிரி இருக்கு. இவங்க வலது பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல."

மேடம் அவனை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொன்னார். அவன் மூடினான். மேஜை, போன், சைடுபார், தடுப்புக்கு அப்பால் பக்கத்து சீட்டுக்காரி, எல்லாம் அப்படியே தெரிந்தன. மறைந்தது வெறும் சுவர். எழுந்து வாசல் வரை அப்படியே நடந்து பார் என்றார் மேடம். அவன் கெத்தாக நடந்து, வலது பக்கம் நின்ற தண்ணீர் கேன் ஸ்டாண்டில் தோளை இடித்து, தோளைத் தடவிக்கொண்டே திரும்பினான்.

"இனிமே சம்பளத்துல காயப்படி சேர்க்கணும் மேடம்," என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். விஷயம் அவனுக்கு உறைத்துவிட்டது: காணாமல் போனவளுக்கு வலது கண்ணில் பார்வை இல்லை.

பக்கத்து சீட்டுக்காரிக்கு அது தெரியாது. யாருக்குமே தெரியாது. வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனை ஏதும் கேட்கவில்லை. பழகிய மனிதர்கள் யாரும் அவள் ஒரு கண்ணால்தான் பார்க்கிறாள் என்று நினைத்ததில்லை. அவ்வப்போது எதிலாவது இடித்துக்கொள்வாள், கேலி செய்வோம், அவளும் சிரிப்பாள் என்றாள். பிறகு தயங்கி இன்னொன்றும் சொன்னாள். கடைசியாக வேலைக்கு வந்த வாரத்தில் அவள் கன்னம் வீங்கியிருந்ததாம். கதவு இடித்துவிட்டது என்றாளாம்.

"எந்தக் கன்னம்?" என்று கேட்டார் மேடம்.

பக்கத்து சீட்டுக்காரி யோசிக்காமல் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

படியிறங்கித்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதை வால் கவனித்தான். சாதாரண நாளாக இருந்தால் அதை வைத்தே மாலை வரை ஓட்டியிருப்பான்.

காரில் உட்கார்ந்ததும் மேடம் அவனிடம் சத்தமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வலது கண் தெரியாதவள் தன் உலகம் முழுவதையும் இடது பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவள் மனதுக்குப் பிடித்த ஊரின் நேரத்தையும் மழையையும் போய்த் தெரியாத பக்கமா வைத்துக்கொள்வாள்? அதுவும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும் கடிகார முகத்தோடு, அவள் யாருக்கும் போடாத ஓடும் செய்தியோடு? அந்த சைடுபாரை வைத்தது வேறொரு கை. அந்தக் கைக்கு அவள் கண்ணைப் பற்றித் தெரியாது.

"பெண் பார்க்க வந்தப்பவே மறைச்சிருப்பாங்க," என்றார் மேடம். "அப்புறம் சொல்ல வழியில்லாம போயிருக்கும். காரணம் தெரிஞ்ச புருஷன் அந்த ஸ்டீயரிங் கதையைச் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பாரா?"

வால் அந்த சைடுபாரை நினைத்துப் பார்த்தான். பார்க்கிறவர்கள் பார்ப்பதற்கென்றே வைத்த சைடுபார் அது. போலீஸ் பார்த்தது, அவர்கள் பார்த்தார்கள், அந்தத் தாய் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் கடலோர நகரத்தில் அந்தப் பெண் இல்லை. ஓடிப்போனதாகக் காட்ட வேண்டியிருந்தது என்றால், அவள் எங்கேயுமே இல்லை.  

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வந்த குரலில் மரியாதையும் அலுப்பும் சம அளவில் இருந்தன.

"மேடம், கடிகாரம் எந்தப் பக்கம் மாட்டியிருக்குன்னு பார்த்து ஒரு ஆளை உள்ள தூக்கி வெக்க முடியாது. அந்தப் பொண்ணுக்கு அந்தக் கண்ணு தெரியாதுன்னு வீட்டு ஆள் ஒருத்தர் வாயால சொல்லட்டும், அடுத்த நிமிஷம் அந்தப் புருஷனைக் கூப்பிட்டு உக்கார வெக்கிறேன். டாக்டர் சீட்டு ஏதாச்சும் இருக்கா?"

இருக்காது என்று மேடத்துக்குத் தெரியும். இப்படிப்பட்ட விஷயத்தை மறைக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கிழித்துப் போடுவார்கள். வாய் ஒன்றுதான் மிச்சம். அந்த வாய் அந்த வீட்டுச் சமையலறையில் இருந்தது.

அவர்கள் போனபோது மாப்பிள்ளை வகுப்பு எடுக்கப் போயிருந்தார். அந்தத் தாய் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டாள். மகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகச் சொன்னாள். வாலுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது.

மேடம் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, பாப்பாவுக்கு வலது கண்ணுல எப்பலேர்ந்து பார்வை இல்ல?"

கத்தி நின்றது. அவள் முதலில் பார்த்தது வாசலை. மாப்பிள்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றார் மேடம். அதன் பிறகு அவள் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த மாதிரி, குரலைத் தாழ்த்திக் கொட்டிவிட்டாள்.

குழந்தையில் வந்த ஒரு ஜுரம். ஜுரம் போனபோது கண்ணின் வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. வெளியே பார்த்தால் கண் கண்ணாகவே இருந்தது, அதனால் மறைப்பது சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வந்தால், நல்ல கண்ணால் போர்டில் இருக்கிற எழுத்தையெல்லாம் முன்னாலேயே மனப்பாடம் செய்துகொண்டு, அதை மூடச் சொல்லும்போது ஒப்பித்துவிடுவாளாம். கெட்டிக்காரி. இதைச் சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தில் பெருமைகூட வந்தது. பார்த்த டாக்டர் செத்துப்போனார், சீட்டுகளைக் கல்யாணத்துக்கு முன்னால் அடுப்பில் போட்டாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினாள், இவள்தான் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம். ஓடிப்போனது ஒரு அவமானம், ஏமாத்திக் கட்டிக் கொடுத்தேங்கிறது வேறயா? உங்க கால்ல வேணா விழுறேன்."

அப்போது மேடம் மீதியைச் சொன்னார். சைடுபார் எந்தப் பக்கம் இருக்கிறது, ஆபீஸில் எந்தப் பக்கம் இருக்கிறது, வீட்டில் இருப்பதை வைத்தவருக்கு எது தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த நிதானத்தை வால் வெறுத்தான். அவசரமாகச் சொன்னால் இன்னும் கொடுமையாக இருந்திருக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்தது.

அந்தத் தாய்க்கு எல்லாம் புரிந்தது. புரியாதது போல நடிக்கவும் இல்லை. நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கினாள், மறுபடி இன்னொரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவ சின்ன வயசுலேர்ந்தே கதவுல இடிச்சுக்குவா," என்றாள் திடீரென்று. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் அது. "கடைசியா வந்தப்பகூட கன்னம் வீங்கியிருந்துச்சு. நான் கேட்டேன். கதவுன்னா."

"எந்தப் பக்கம்மா?"

அவள் கை தன் இடது கன்னத்துக்குப் போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது.

"தெரியுற பக்கத்துல எப்படிம்மா கதவு இடிக்கும்?" என்றார் மேடம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வாலுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். கையைக் கன்னத்திலிருந்து எடுக்காமல், சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் பார்த்தேன், நான்தான் தைலம் போட்டுத் தேய்ச்சேன், அந்தப் பக்கம்தான் தேய்ச்சேன் என்று தனக்குத்தானே சொன்னாள்.

மேடம் இன்ஸ்பெக்டரின் எண்ணைப் போட்டுப் போனை நீட்டினார். இப்போது என்னிடம் சொன்னதை, கண் விஷயத்தை மட்டும், இவரிடம் ஒரு தடவை சொல்லுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவள் போனை வாங்கினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் கேட்டது வாலுக்கு லேசாகக் கேட்டது. உங்கள் பெண்ணுக்கு ஒரு கண் தெரியாதாமே, உண்மையா என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால் மகள் இந்த உலகத்தில் எங்கும் இல்லை. வால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவனுக்கு ஒரு நொடி முன்னாலேயே தெரிந்துவிட்டது. தடுக்கத்தான் வழியில்லை.

"இல்லங்க ஐயா. என் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும். இவங்க ஏதோ தப்பா எடுத்துக்கிட்டாங்க. அவ அந்த ஊருலதான் இருக்கா. சௌக்கியமா இருக்கா."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். மேடம் அதை வாங்கினார். இன்ஸ்பெக்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இனிமேல் இதற்காகத் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்பது போல. மேடம் இணைப்பைத் துண்டித்தார். வாலுக்கு அந்தத் தாய் மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்துப் பார்த்தான், அப்போதும் வரவில்லை. இந்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் அந்த உண்மைக்கு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியை அவளிடமிருந்து பறித்துக்கொள்ளவும் யாராலும் முடியாது. நசுங்கிய வண்டி எத்தனையோ பார்த்த மேடம், தரையிலிருந்து எழுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை இங்க விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லம்மா," என்றார். "கிளம்புங்க. எங்க கூட வந்துடுங்க. மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தத் தாய் தலையசைத்து மறுத்தாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது.

"எப்பவாச்சும் ஒருநாள் அவ வந்து வாசல்ல நின்னா?" என்றாள். "கதவைத் திறக்க ஆள் வேணுமில்ல?"

தெருவில் கார் வந்து நின்றது. இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் கத்தியைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கதவைத் திறக்கப் போனாள்.